துளி பட்ட அணுக்கள்

ஆய்வாளர் அசிதான் எந்த உயிரணுக் குப்பியையும் உள்ளங்கையில் பொத்தி வெதுவெதுப்பாக்கிய பின்னரே ஆராய்பவள். மேற்கு ஆப்பிரிக்க நகரான பமாகோவின் ஆய்வக இருட்டறையில், மலேரியாவிலிருந்து மீண்ட குழந்தைகளின் வெள்ளையணுக்கள் நுண்ணோக்கியின் திரையில் இருண்டு கிடக்கின்றன. பனிப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சோதித்த மற்றவர்கள் அவை செத்தவை என்கிறார்கள். உறங்குகின்றன என்பது அவள் வாதம். "காராமணி தின்னி, அதைக் கொட்டிட்டு வீட்டுக்குப் போடி," என்கிறான் சக ஆய்வாளன் ஜாரா, அவள் குலத்தை இப்படி வைது கேலி செய்யப் பரம்பரை உரிமையுள்ள குலத்தவன். "தின்னது உங்க பாட்டன். வாயை மூடிட்டுத் திரையைப் பாரு." அவள் அணுக்களைத் தூண்டும் மருந்தை அவற்றின் மேல் ஒரு துளி விடுகிறாள். அது அணுவின் மேலுறையில் செய்தி வாங்கும் ஏற்பிகளைத் தொட, தொட்ட செய்தி உள்ளே பாய்ந்து, கால்சியம் பெருகி, அது பட்டால் ஒளிரும் சாயம் ஏற்றிய ஓரணு பச்சையாய் ஒளிர்கிறது. பின்பு பக்கத்து அணு. பின்பு திரை முழுவதும். ஜாராவின் திறந்த வாயிலும் பச்சை ஒளி. "எல்லாம் முழிச்சிருச்சேடி." அசிதான் நிமிர்ந்து உட்காருகிறாள். "நாளைக்கு வேற குழந்தைங்க ரத்தத்துல செஞ்சு பார்த்துட்டு, அப்புறம் எல்லாருக்கும் சொல்றேன்."