நீதிபதியைப் பார்க்கப் போகிறவர்

வியாழக்கிழமை மத்தியானமானால் தவரத்தினம் பாரிஸ் லாச்சப்பலில் உள்ள தன் மரக்கறிக் கடையை மனைவி தில்லைநாயகியிடம் விட்டுவிட்டு, மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கேட்டால், "ஒரு அலுவல்" என்பார்.

அது என்ன அலுவல் என்பதை, பக்கத்துக் கடைக்குப் புதிதாக வந்த கஜந்தினிதான் போட்டு உடைத்தாள்.

"அக்கா, நான் மொழிபெயர்க்கப் போன நீதிமன்றத்திலை அண்ணையைக் கண்டனான். அவருக்கு வழக்கு ஒண்டும் இல்லை. கடைசி வரிசை வாங்கிலை இருந்து அந்தப் பொம்பிளை நீதிபதியையே பாத்துக்கொண்டிருந்தவர்."

"வடிவான பொம்பிளையோ?"

"ஓம் அக்கா. இளம் ஆள்."

தில்லைநாயகிக்கு வயிறு எரிந்தது. தன்னை அவர் அப்படிப் பார்த்து எத்தனை காலம்! அடுத்த வியாழன் கடையைப் பூட்டிவிட்டு அவர் பின்னாலேயே போனாள்.

நீதிமன்றத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கறுப்பு அங்கியோடு நீதிபதி வந்து அமர்ந்தாள். தவரத்தினத்தின் முகம் மலர்ந்தது. அதைக் கண்ட தில்லைநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள்.

மிருணாளினி! வெள்ளைக்காரனைக் கட்டியதற்காக, "இனி இந்த வாசலை மிதிக்காதை" என்று தானே துரத்திவிட்ட மகள்.

தில்லைநாயகி கணவருக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். அவர் திடுக்கிட்டார்.

"கோவிக்காதை நாயகி..."

"கோவிக்காமல்?" அவள் குரல் உடைந்தது. "இவ்வளவு நாளும் நீங்கள் மட்டும் தனிய வந்து பாத்திருக்கிறியள்!"