நீச்சல் தேர்வு

லைஃப் ஜாக்கெட்டையும் ஷூவையும் கழற்றச் சொல்லிவிட்டார் பாதுகாப்பு அதிகாரி.

ஏரியில் மிதக்கும் சோலார் தகடுகளின் ஓரத்தில் வரிசையாக நின்றோம். எதிரே இன்னொரு மிதவை மேடை, அதில் ஓர் ஏணி. இங்கே குதித்து அங்கே ஏற வேண்டும். ஏறாதவனுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாது.

வேலைக்குச் சேர்த்துவிட்ட மச்சான்தான், "எங்க மாப்ள தண்ணிக்குள்ளயே பொறந்தவரு சார்" என்று அளந்துவிட்டிருந்தார். குழி வெட்டி இடுப்பு விட்டுப்போனவனை வேறு யார் சேர்ப்பார்கள்? நானும் தலையாட்டிவிட்டேன்.

கம்பெனி வளர்கிறதாம். தகடு பரப்ப நிலம் கேட்டால் ஆளாளுக்குக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். தண்ணீர் வாயைத் திறக்காது. அதனால் உலகம் முழுக்க ஏரி, அணை ஒன்றையும் விடப்போவதில்லை, அப்புறம் கடல்தான் என்றார் அதிகாரி. மகள் படித்து முடிக்கும்வரை எனக்கு வேலை இருக்கும்.

இன்று செத்துப்போகாவிட்டால்.

செய்து காட்டுவதற்காக அதிகாரியே முதலில் குதித்தார். கைகளை வீசிப் போய் ஏணியில் ஏறி, முகத்துத் தண்ணீரை வழித்துக்கொண்டு நின்றார். மச்சான் போனார். கிரேன் ஓட்டுகிற நெட்டை போனான். வெல்டர் குள்ளன் தவளை மாதிரி எம்பி எம்பிப் போனான். அதுவும் ஒரு வகை நீச்சல்தான் என்று அதிகாரி தலையாட்டினார்.

நான்தான் மிச்சம்.

"என்ன மாப்ள, வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? குதிங்க!" என்று மச்சான் அங்கிருந்து கத்தினார்.

கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன்.

முழுகினேன். மகள் முகம் வந்தது. பிறகு கால் தரையில் பட்டது.

நிமிர்ந்தால் தாடைக்குக் கீழேதான் தண்ணீர். கோடை குடித்தது போக ஏரியில் மிச்சம் அவ்வளவுதான்.

நடந்தேன். கலங்கல் தண்ணீருக்குள் கால் என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? மேலே கைகளை மட்டும் பலமாக வீசினேன். புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டேன். பாதி தூரத்தில் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

ஏணியில் ஏறியதும் அதிகாரி கை குலுக்கினார்.

"இந்த வயசுல என்ன நிதானம்ணே! அடுத்த மாசம் மலைக்கு நடுவுல அணையில வேலை. கயிறு விட்டா அடியே தட்டுப்படாது. அங்க யார் விழுந்தாலும் நீங்கதான் தூக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். குள்ளன்தான் அதிகமாகத் தட்டினான்.

குனிந்து பார்த்தேன். வெள்ளை மிதவையில் கறுப்பாக ஏரியின் அடிச்சேறு, பாதம் பாதமாக. பதறிப்போய்க் காலால் தேய்த்து அழித்தேன்.

அழித்தது மச்சானுடைய தடம். பக்கத்தில் நெட்டையுடையது. அதற்குப் பக்கத்தில் குள்ளனுடையது.

ஏணியருகில் ஒரு ஜோடி மட்டும் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. எங்களுக்கெல்லாம் முன்னால் ஏறியவருடையது.