வேலியோரத்து வெட்டிவேர்

"வேலியோரத்து வரிசையில மட்டும் கை வெக்காதீங்க. அதுக்கு என்ன வருமோ, அத நான் தாறன்."

சொல்லிவிட்டு நெய்னார் ஹாஜியார் லுஹர் தொழப் போய்விட்டார். அஸீஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா கதைய? தோண்டாமலே காசு தாறாராம்!"

"அவர்ட காணி. விடு புள்ள," என்றார் கணவர் ஹயாத்து முகம்மது.

"காணி அவர்ட, பயிர் எங்கட! குத்துமதிப்பா எதையாச்சும் தந்துட்டு, நாங்க போனாப் பிறகு தோண்டி விக்கத்தான் இந்தத் திட்டம். காரணமில்லாம யாரும் காசு குடுப்பாங்களா?"

ஹயாத்து முகம்மது தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார்.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு எத்தாளை என்ற இந்த ஊருக்கு வந்தவர்கள். "சும்மா கிடக்கிற தரிசு, இருங்க" என்று இந்த வளவைக் காட்டியவர் ஹாஜியார்தான். இருபத்திரண்டு வருஷம் ஒரு சதம் வாடகை கேட்டதில்லை. அடுத்த மாதம் ஊர் திரும்புகிறார்கள். அங்கே வீடு இருந்த இடத்தில் இப்போது பற்றைக்காடு. வெட்டிவேர்க் காசில்தான் அத்திவாரம் போட வேண்டும்.

நாற்று, மாட்டெரு, தண்ணீர், கூலி என்று ஒன்றரை வருஷத்தில் எண்பத்தையாயிரம் இந்த மண்ணுக்குள் போயிருக்கிறது. மற்ற வரிசைகள் அதைத் திருப்பித் தந்து கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். ஆனால் அத்திவாரத்துக்கு அது காணாது. வேலியோரத்தில்தான் புதர்கள் இரண்டு மடங்கு பெரிசு. அதைப் போய் விடச் சொல்கிறார்!

காலையில் முதல் புதரைத் தோண்டி இழுத்தது ஞாபகம் வந்தது. வேர் வந்துகொண்டே இருந்தது. மேலே இடுப்பளவு புல், கீழே ஓர் ஆள் உயரத்துக்கு வேர். வளவு முழுக்க மணந்தது.

"ஸுப்ஹானல்லாஹ்!" என்றார் ஹயாத்து முகம்மது.

வேலியருகே நின்ற ஹாஜியார் மட்டும் முகம் வெளுத்துப்போனார். "புல்லுதானே எண்டு இருந்திட்டன். இவ்வளவு ஆழம் போகுமா?"

அதற்குப் பிறகுதான் இந்தத் தடை. வேரின் மதிப்பு தெரிந்துவிட்டது மனுஷனுக்கு!

மாலை அஸருக்கு வியாபாரி லத்தீபின் லொறி வந்துவிடும். அஸீஸா இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போனாள்.

இடுப்பளவு தோண்டியிருப்பாள். 'ணங்' என்றது.

கல். மண்ணைக் கையால் வழித்தாள். பக்கத்தில் இன்னொரு கல், சீமெந்து போட்டு இறுக்கியது. அதையொட்டி இன்னொன்று. நேர்கோடாகப் போய் ஒரு மூலையில் திரும்பியது. வெட்டிவேர் அத்தனை கல்லையும் சுற்றிப் பிடித்திருந்தது.

இது அத்திவாரம். ஒரு வீட்டின் அத்திவாரம்!

நிமிர்ந்தாள். பள்ளியிலிருந்து திரும்பிய இருவரும் எதிரே நின்றார்கள். ஹாஜியார் மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹாஜியார்... இது யாருட வீடு?"

"நிஃப்லாவுக்குப் போட்டது, தங்கச்சி. கலியாணம் பேசியிருந்த நேரம்."

ஹாஜியாரின் மூத்த மகள் நிஃப்லா. இன்றைக்கும் தில்லையடியில் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு பெருநாளுக்கும் அஸீஸாவின் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கிக்கொண்டு வருபவள்.

"தரிசு எண்டுதானே சொன்னீங்க!"

"கல்லைக் கண்டா நீங்க இருக்க மாட்டீங்களே. அதான் ஆள் புடிச்சு மண்ணக் கொட்டி மூடினன். நிஃப்லாவும் 'மூடுங்க வாப்பா' எண்டுதான் சொன்னாள்."

ஒரு பெண்ணின் வீட்டுக்கு மேலேயா இத்தனை வருஷம் குடியிருந்தோம்! அஸீஸா குழியிலிருந்து மேலே ஏறினாள்.

ஹாஜியார் எழுந்து, சரிந்த மண்ணைக் காலால் குழிக்குள் தள்ளினார்.

"வேர எடுத்துக்கங்க, தங்கச்சி. கல்ல மட்டும் பழையபடி மூடிருங்க. ஊருக்குப் போறவங்க மனசுல பாரத்தோட போகக் கூடாது எண்டுதான் தோண்ட வேணாம் எண்டன்."