ஊதாப் பூ வைத்த நாள்

அது மழைக்கு முன்பா பின்பா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மிராவே தீவில் ஒரு காலை, லோமு தன் மனைவி வினேலாவின் காதோரம் ஊதாப் பூவைப் பார்த்தான். அங்கே அதற்குக் கணவன் மேல் கோபம் என்று பொருள். பொழுது சாய்வதற்குள் அவளைச் சமாதானம் செய்யாவிட்டால் அவன் படகில்தான் படுக்க வேண்டும்.

“உன் அண்ணன் வலையைக் கிழிச்சது நான்தான்,” என்றான்.

அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

“உங்கம்மா குடுத்த கருவாட்டை எங்க அக்காவுக்குக் குடுத்துட்டேன்.”

“அப்புறம்?”

“திருவிழாவுல அந்தத் தனே பொண்ணுகூட ஆடினேன். ஒரே ஒரு ஆட்டம்.”

“எண்ணிச் சொல்லுய்யா.”

“மூணு.”

வினேலா கத்தியைக் கழுவி வைத்தாள். “பூக்காரி கூடையில இன்னிக்கு ஊதா மட்டுந்தான் இருந்துச்சு. வெறுங்காதோட திரிஞ்சா நீ செத்துட்டேன்னு ஊர் நினைக்கும். அதான் வெச்சேன்.”

லோமு வாசலுக்கு வந்தான். தெருவில் எல்லாப் பெண்களின் காதிலும் ஊதாப் பூ இருந்தது. வீட்டுக்கு வீடு ஓர் ஆணின் குரல் தாழ்ந்து கேட்டது.

அன்று பதினோரு பேர் படகில் படுத்தார்கள். மறுநாள் பூக்காரி எல்லா நிறப் பூக்களும் கொண்டுவந்தாள். ஊதா மட்டும் விற்றுத் தீர்ந்தது.