நாலு விரல்கடை தூரம்

குளம் வற்றிப்போன கோடையில், அக்கா ஆமையும் தம்பி ஆமையும் எலியிடம் ஆற்றுக்கு வழி கேட்டார்கள். எலி வரைபடத்தை விரித்து ஒரு நீலக் கோட்டைக் காட்டியது.

"இதுதான் ஆறு. நாலு விரல்கடை தூரம்தான்."

"அடியில, ஒரு விரல்னா இத்தனை மைல்னு ஏதோ போட்டிருக்கே, எலியண்ணே?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் சும்மா அழகுக்குப் போட்டது."

தயங்கிய அக்காவைத் தம்பிதான் வற்புறுத்திக் கிளப்பினான். எலி வரைபடத்தோடு முன்னால் வழிகாட்டிப் போனது. நாள்கணக்காக நடந்தும் பாறையும் முள்ளும்தான் வந்தன. ஒரு மதியம் அக்கா நின்றுவிட்டாள். தம்பி தொட்டுப் பார்த்தான். மூச்சில்லை.

எலி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "படத்துல தப்பே இல்லையே!" என்றது.

தம்பி அக்காவின் முகத்தில் வெயில் படாதபடி மறைத்து நின்றுகொண்டான்.