டெல்வினாவின் வாளி

"என்ன மச்சினி, விடிஞ்சதிலேருந்து சேத்தைக் கலக்குற, வாளியில ஒரு புழுவைக் கூடக் காணோம்?"

எமர்சன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, பொரித்த ரொட்டியை மென்றபடி கேட்டார்.

கீழே முழங்கால் சேற்றில் டெல்வினா. முதுகில் மின்பெட்டி, இரண்டு கையிலும் கம்பி. சேற்றுக்குள் லேசாக மின்சாரம் விட்டால், புதைந்து கிடக்கும் அசும் குஞ்சுகள் நெளிந்துகொண்டு மேலே வரும். அசும் என்றால் லாம்ப்ரே மீன். பார்க்கப் பாம்பு மாதிரி இருக்கும். ஆனால் அமெரிக்கப் பழங்குடியான யாக்கமா ஜனங்களுக்கு அது இல்லாத விருந்து விருந்தே இல்லை.

"சும்மா இருங்க அத்தான். வாய வச்சுடாதீங்க."

"நான் வாய வைக்காட்டி மட்டும் வந்துடுதாக்கும்! போன வருஷம் இதே வாய்க்கால்ல ஒன்பதாயிரம் எடுத்தோம். வாளி வாளியா தூக்கிட்டுப் போயி ஆத்துல விட்டு, என் தோள்பட்டை கழண்டுபோச்சு."

டெல்வினா உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த அடி வைத்தாள்.

வருஷா வருஷம் இதே கூத்துதான். வசந்தத்தில் பாசனத்துக்கு ஆற்றுத் தண்ணீரைத் திருப்பும்போது, நூல் போன்ற குஞ்சுகளும் கூடவே வாய்க்காலுக்குள் வந்து சேற்றில் குடியேறிவிடும். அக்டோபரில் அறுவடை முடிந்ததும் மதகை மூடுவார்கள். சேறு காயும். குஞ்சுகள் அதோடு கருவாடு. எட்டு வருஷமாக, யாக்கமா குலத்தின் மீன்துறை ஆளாக, டெல்வினா இந்தச் சாவோடு மல்லுக்கட்டுகிறாள்.

இன்று அதற்கெல்லாம் தீர்ப்பு நாள். பாசனச் சங்கத் தலைவி மார்லிஸ் மதியம் பன்னிரண்டுக்கு வருகிறாள். "வாளியைப் பாத்துட்டுத்தான் பேச்சு. பக்கத்து வாய்க்காலுக்கும் உன் வேலை உண்டா, இல்ல இதோட மூட்டையைக் கட்டுறதான்னு அங்கேயே சொல்லிடுறேன்" என்று போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டாள்.

எமர்சனுக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் தெரியும். பிப்ரவரியில் மலைக்கு மரம் வெட்டப் போனவர், கோடையில் அப்படியே காட்டுத்தீ அணைக்கும் படையில் சேர்ந்து, நேற்றுதான் வீடு திரும்பியிருந்தார்.

பதினோரு மணி. மூன்று மைல் முடியப்போகிறது. வாளியில் வெறும் தண்ணீர்.

"ஏதாச்சும் சிக்குச்சா?"

"இல்ல."

அந்த 'இல்ல' சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. கண்ணில் நீர் கட்டியிருந்தது. எமர்சன் பாதி ரொட்டியைக் கீழே வைத்தார். அடப் பாவமே! வாய்க்கு வாய் கிண்டல் பண்ணினாலும், பொண்டாட்டியின் தங்கச்சி, கண்ணெதிரே வளர்ந்த பிள்ளை.

டெல்வினா வளைவைத் தாண்டி மறைந்தாள். வாளி கரையில் கிடந்தது. எமர்சன் எழுந்தார். வண்டியில் மண்வெட்டி இருந்தது. அப்புறம் அவர் யோசிக்கவேயில்லை.

சரியாகப் பன்னிரண்டுக்கு மார்லிஸ் வந்து இறங்கினாள். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க வாளி?"

டெல்வினா சேறும் சகதியுமாகக் கரையேறி, சிரித்த முகத்தோடு வாளியை எடுத்து நீட்டினாள். மார்லிஸ் குனிந்து பார்த்தாள்.

"நாலு இருக்கே."

"என்னது?"

டெல்வினா எட்டிப் பார்த்தாள். விரல் நீளத்தில் நான்கு குஞ்சுகள் வாளிக்குள் சுகமாக நெளிந்துகொண்டிருந்தன. அவள் முகம் செத்துப்போனது. அப்படியே சேற்றுக் கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்காது... இருக்கவே இருக்காது..."

"கண்ணால பாக்குறேனே" என்றாள் மார்லிஸ். "நாலு சிக்கியிருக்குன்னா சேத்துக்குள்ள இன்னும் எத்தனையோ? மன்னிச்சுக்கோ டெல்வினா. வேலை இதோட போதும்."

எமர்சனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலும் பத்தலையா?

"அம்மா, அம்மா, கொஞ்சம் பொறுங்க! அவ மேல தப்பு இல்ல. இன்னும் நாப்பது வேணும்னாலும் நான் கொண்டாரேன். பக்கத்து வாய்க்கால்ல ஒரு மம்பட்டி சேத்தை அள்ளுனேன், நாலு வந்துச்சு!"

டெல்வினா மெல்லத் தலை தூக்கினாள்.

"அத்தான்... இத நீங்களா போட்டீங்க?"

"பின்னே? நீ கண் கலங்கி நிக்கிறதை என்னால பாக்க முடியல தாயி. பொய்தான், தப்புதான். என்னைத் திட்டு, அந்தம்மா உன்னைத் திட்ட வேணாம்."

அடுத்த நொடி சேற்றுக் கையோடு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள் டெல்வினா. அழுதபடியே சிரித்தாள். மார்லிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இந்த வாய்க்கால்ல மூணு மைலுக்கும் சேத்து?"

"ஒண்ணு கூட இல்லம்மா! ஒண்ணே ஒண்ணு கூட இல்ல!"

"அங்க ஒரு மம்பட்டிக்கே நாலு..." மார்லிஸ் தொப்பியைக் கழற்றினாள். "சரி, பக்கத்து வாய்க்கால் வேலையை நாளைக்கே ஆரம்பிச்சுடு."

எமர்சன் திருதிருவென்று விழித்தார். "ஒண்ணுமே சிக்கலைங்கிறா, நீங்க வேலை குடுக்கிறீங்க?"

"மார்ச் மாசம் ஆத்துத் தண்ணி வாய்க்கால்ல நுழையிற மதகுலயே குஞ்சு நுழைய முடியாத பொடிக்கண் வலை போட்டோமே அத்தான், அக்கா சொல்லலையா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் டெல்வினா. "ஒன்பதாயிரமும் இந்த வருஷம் ஆத்துலயே பத்திரமா இருக்கு, இந்த வாளி காலியா இருக்கணும்னுதான் எட்டு வருஷமா நான் பாடுபட்டேன்!"