பத்துப் பேர் மருந்து

‘எல்லோருக்கும் நலம்’ என்று சுகாதார நிலையச் சுவரில் ஆளுயர எழுத்து. அதன் கீழே பெஞ்சில் ஒரே ஒருத்தி, மடியில் ஒன்பது மாதக் குழந்தை. பதினொரு மணி வெயில் ஊசி மேசைவரை வந்து நிற்கிறது. பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால்தான் தட்டம்மை மருந்துக் குப்பியைத் திறக்க முடியும் என்று போன வாரம் நர்ஸே அவளைத் திருப்பி அனுப்பினாள். அது இன்னும் நர்ஸின் நெஞ்சில் முள்ளாய்க் கிடக்கிறது.

“இன்னிக்கும் போயிட்டு வரணுமாக்கா? வேலைக்கு லீவு போட்டுட்டு வந்தேன்.”

“உக்காரும்மா.” ஐஸ் பெட்டியிலிருந்து, வேர்த்திருக்கும் சின்னக் குப்பியை நர்ஸ் எடுக்கிறாள். வாசலில் நிற்கும் மருந்தாளுநர் பதறுகிறார்.

“ஒத்தப் புள்ளைக்கா உடைக்கிறீங்க சிஸ்டர்? மிச்சம் ஒம்பது பேர் மருந்து சாயங்காலம் குப்பைக்குத்தான். மேல கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார். பத்துப் பேர் சேரட்டும்னு அம்மை காத்துக்கிட்டு இருக்குமா?”

குப்பியின் மூடி ‘டிக்’கென்று கழல்கிறது. அம்மாக்காரியின் தோள்கள் மெல்லத் தளர்கின்றன. குழந்தை நர்ஸின் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. குனிந்தபடியே அவள் ஊசியைப் போடுகிறாள். அழலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டுக் குழந்தை வீறிடுகிறது. மருந்தாளுநர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஸ்டோர் சாவிக்கொத்தை அதன் கண்முன்னே கிலுகிலுவென்று ஆட்டுகிறார்.